பாரீசில் ஒரு மெக்சிகோச் சாப்பாடு

போன மாதம் ஒரு காலை, கடற்கரையில் நடந்து முடித்துக் காந்தி சிலைக்கு அருகே உட்கார்ந்திருந்தபோது பழைய நண்பர் ஒருவர் கேட்டார்: "மகளைப் பார்க்க இரண்டு தடவை பாரீசு போய் வந்தீர். ஈஃபில் கோபுரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?" ஈஃபில் கோபுரத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாரீசு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மரே பகுதியில் ஒரு சின்ன மெக்சிகோச் சாப்பாட்டுக் கடை. எழுபது வயதில் அங்கே போய்த்தான், பதின்மூன்று வயதில் படித்த ஒரு பாடத்தின் மறுபாதியைத் தெரிந்துகொண்டேன். அதை இன்று எழுதிவிடுகிறேன்.

2018-ஆம் ஆண்டு மே 5, சனிக்கிழமை. சாயங்காலம் பேரன் வந்து, "தாத்தா, காரமா சாப்பிட்டு ஒரு மாசம் ஆச்சுன்னு அம்மாகிட்ட புலம்பினீங்களாமே. இன்னைக்கு மெக்சிகோக்காரங்களுக்கு விசேஷ நாள். கிளம்புங்க" என்றான். அவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. "நம் ஊர்ப் பணத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்" என்று மகள் வாசலிலேயே சொல்லி அனுப்பினாள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளையடித்த ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் நீளமாக ஒரு பலகை, அதை ஒட்டி ஏழெட்டு உயர முக்காலிகள். இடம் கிடைக்காதவர்கள் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் பெயர் எதுவும் எழுதாத ஒரு வெள்ளைக் கதவு. அவ்வப்போது யாராவது அதைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். போனவர் திரும்பக் காணோம். கழிப்பறை என்று நினைத்து, "இத்தனை பேருக்கும் ஒண்ணுதானா?" என்றேன். பேரன் சிரித்துவிட்டு, "அது பார், தாத்தா. சாப்பிட்டு முடிச்சு அங்க போகலாம்" என்றான்.

அடுப்படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மக்காச்சோள மாவைச் சிறு உருண்டைகளாகப் பிடித்து, அச்சில் வைத்து அமுக்கி, கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கல்லுக்குக் 'கொமால்' என்று பெயர். நம் தோசைக்கல்தான், வேறொன்றுமில்லை. மாவின் மணம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. எங்கே என்று யோசித்தேன். சுண்ணாம்பு! என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் வரும் மணம். கேட்டேன். ஆமாம், சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழுவி அரைப்பார்களாம். மூவாயிரம் ஆண்டுக்கு மேலான பழக்கம். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதனால் சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்குத் தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் 'பெலாக்ரா' நோய் வந்தது. சுண்ணாம்பில் வெந்தால்தான் சோளத்திலுள்ள ஒரு வைட்டமின் உடம்பில் ஒட்டும் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புரிந்தது. மெக்சிகோக் கிழவிகள் அதை யாரிடமும் கேட்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

என் பிரெஞ்சைக் கேட்டு அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். "முசியே இந்தியரா? இவ்வளவு பழைய பாணி பிரெஞ்சு எங்கே கற்றீர்கள்?" என்றார். பாண்டிச்சேரி என்றேன். கேள்விப்பட்டதில்லை என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. உங்கள் ஊர் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? "உங்கள் நாட்டு வரலாறு நான் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். கமரோன் சண்டையை மனப்பாடமாகச் சொல்வேன்" என்றேன்.

கமரோன் என்றால் என்ன என்று இளைஞர்களுக்குத் தெரியாது. பிரெஞ்சில் படித்த என் வயதுக்காரர்களுக்கும், சொல்தா வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. 1863 ஏப்ரல் 30. மெக்சிகோவில் கமரோன் என்ற சிற்றூரில், பிரெஞ்சு அந்நியப் படையைச் சேர்ந்த 62 வீரர்களும் 3 அதிகாரிகளும் ஒரு பண்ணை வீட்டுக்குள் புகுந்துகொண்டு, சுமார் 2,000 மெக்சிகோ வீரர்களைக் காலையிலிருந்து மாலை வரை தடுத்து நின்றார்கள். தண்ணீர் இல்லை, சோறு இல்லை, கடும் வெயில். தலைவர் கப்பித்தேன் தான்ழுவுக்கு இடது கை மரக்கை. அல்ஜீரியாவில் துப்பாக்கி வெடித்துக் கையை இழந்தவர். நண்பகலுக்கு முன்பின்னாக அவர் விழுந்தார். மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர் மிஞ்சினார்கள். தோட்டா தீர்ந்தது. சரணடையாமல் துப்பாக்கி முனைக் கத்தியோடு வெளியே பாய்ந்தார்கள். அந்த மரக்கை பின்னால் கிடைத்தது. இன்றும் ஒவ்வொரு ஏப்ரல் 30-ஆம் தேதியும் அந்நியப் படை அதை ஊர்வலமாக எடுத்துவந்து மரியாதை செய்கிறது.

இதை நான் 1961-இல் 'திக்தே'யாக எழுதினேன். ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும்; ஒரு தப்புக்கு இத்தனை மதிப்பெண் போகும் என்று கணக்கு. அன்று எனக்கு ஒரு தப்பும் இல்லை. சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அப்பா அதை விருந்தாளிகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

பிறகு 1963-இல் சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தார். 1948-இல் போனவர். இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. அவர் அந்நியப் படை இல்லை, காலனிப் படை. ஆனால் அல்ஜீரியாவில் சிதி பெல் அப்பெசு என்னும் ஊரில் ஒரு கமரோன் விழாவைப் பார்த்திருக்கிறார். வெள்ளைத் தொப்பி வரிசை, மெதுவான நடை, கண்ணாடிப் பேழைக்குள் மரக்கை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அவர் அதைச் சொல்லும்போது குரல் கம்மும். 1962-இல் சித்தப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். என் அப்பா ஆறு மாதக் கெடுவுக்குள் விண்ணப்பம் போடவில்லை. அதனால் சித்தப்பாவுக்குப் பிராங்கில் ஓய்வூதியம் வந்தது, எனக்கு ரூபாயில் குமாஸ்தா வேலை வந்தது. அது வேறு கதை. ஆனால் கமரோன் எங்கள் குடும்பத்துக் கதை போலவே ஆகிவிட்டிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த அம்மாள் நான் சொன்னதைக் கேட்டுக் கோபப்படவில்லை. கல்லில் இருந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டு, "கமரோன் எங்களுக்கும் தெரியும், முசியே. ஆனால் இன்றைக்கு என்ன நாள் என்று தெரியுமா?" என்றார்.

"மே 5."

"நான் புவெப்லாக்காரி. மே 5 எங்கள் ஊர் ஜெயித்த நாள். யாரை ஜெயித்தோம் என்று உங்கள் புத்தகத்தில் போடவில்லையா?"

போடவில்லை. அல்லது ஏதோ ஒரு வரியில் 'சிறு பின்னடைவு' என்று போட்டிருந்து என் கண்ணில் படாமல் போயிருக்கலாம். மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவுக்கு ஒரு பேரரசரை அனுப்பினார் என்பது நினைவிருந்தது. கமரோன் நினைவிருந்தது. புவெப்லா என்ற பெயரில் எனக்கு ஒரு முற்றுகைதான் தெரியும், அதுவும் வென்ற முற்றுகை. முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்தவன் நான். நடுவில் ஒரு பக்கத்தை உருவிவிட்டால் மீதிப் பக்கங்கள் எவ்வளவு நேர்த்தியாகப் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் சொந்தப் படிப்பில் அதைப் பார்க்க எழுபது வயதாயிற்று.

அந்த அம்மாள் வேலைக்கு நடுவே சொன்னது கொஞ்சம். பிறகு நான் மகள் வீட்டில் உட்கார்ந்தும் ஊருக்கு வந்தும் தேடிப் படித்தது மிச்சம். சேர்த்துத் தருகிறேன்.

பிரான்சு மெக்சிகோ மீது படையெடுத்தது இரண்டு தடவை. முதல் தடவைக்குப் பெயரே 'பலகாரச் சண்டை'. மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ரெமொந்தேல் என்ற பிரெஞ்சுப் பலகாரக்காரர், மெக்சிகோ அதிகாரிகள் தன் கடையைச் சூறையாடினார்கள் என்று நஷ்டஈடு கேட்டார். 60,000 பெசோ! அத்தனை பலகாரம் எந்தக் கடையில் இருக்கும்? மற்றப் பிரெஞ்சுக்காரர்களின் கோரிக்கைகளையும் கூட்டிப் பிரெஞ்சு அரசு 6,00,000 பெசோ கேட்டது. தரவில்லை என்றதும் 1838-இல் கடற்படையை அனுப்பி வேராகுரூசு துறைமுகத்தை அடைத்துக் குண்டு போட்டது. அந்தச் சண்டையில் ஒரு காலை இழந்த தளபதி சாந்தா அன்னா, பின்னால் அந்தக் காலுக்கு இராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தினார். ஒரு பக்கம் கால், இன்னொரு பக்கம் மரக்கை. மெக்சிகோ வரலாற்றில் இப்படி உறுப்புக்களுக்கு மரியாதை அதிகம்.

இரண்டாம் தடவை விளையாட்டல்ல. 1861-இல் மெக்சிகோ உள்நாட்டுப் போரில் நொடித்துப் போயிருந்தது. குடியரசுத் தலைவர் பெனித்தோ ஹுவாரெசு, சபோத்தெக் பழங்குடியில் பிறந்து வழக்கறிஞரானவர். அயல்நாட்டுக் கடன் தவணைகளை இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைப்பதாக அறிவித்தார். கடன்காரர்களான இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்சு மூன்றும் சேர்ந்து கப்பல் அனுப்பின. வந்த பிறகுதான் மூன்றாம் நெப்போலியனுக்குக் கடன் வேண்டாம், நாடே வேண்டும் என்று மற்ற இருவருக்கும் புரிந்தது. 1862 ஏப்ரலில் அவர்கள் கழன்றுகொண்டார்கள். பிரான்சு தனியாக உள்நாட்டுக்குள் நடந்தது. தளபதி லொரான்சே சுமார் 6,000 வீரர்களோடு புறப்படும் முன்பே, இனத்திலும் ஒழுங்கிலும் நாமே உயர்ந்தவர்கள், மெக்சிகோ இப்போதே என் கையில் இருக்கிறது என்ற பொருளில் போர் அமைச்சருக்கு எழுதிவிட்டார். அப்படி எழுதுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள்.

மே 5 அன்று புவெப்லா நகரத்துக்கு வெளியே, லொரேத்தோ, குவாதலூப்பே என்ற இரண்டு குன்றுக் கோட்டைகள். எதிரே நின்ற மெக்சிகோத் தளபதி இக்னாசியோ சரகோசாவுக்கு வயது 33. அவர் படை பிரெஞ்சுப் படையைவிடச் சிறியது. மலைக் கிராமங்களிலிருந்து வந்த பழங்குடி மக்களும் அதில் இருந்தார்கள். லொரான்சே கோட்டைகளைச் சுற்றிப் போகாமல் நேரே மேட்டில் ஏறச் சொன்னார். ஏறினார்கள், விழுந்தார்கள். மறுபடி ஏறினார்கள். மூன்றாவது முறை ஏறுகையில் மழை கொட்டிச் சரிவெல்லாம் சேறு. மாலையில் பிரெஞ்சுப் படை நூற்றுக்கணக்கான பிணங்களை விட்டுவிட்டுப் பின்வாங்கியது. சரகோசா அந்தப் பெருமையை நாலு மாதம்தான் அனுபவித்தார். செப்டம்பரில் விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். இன்று அந்த நகரத்தின் முழுப் பெயர் 'சரகோசாவின் வீர புவெப்லா'.

இனிதான் எனக்கு உறைத்த இடம். தோல்வியைப் பொறுக்காத பேரரசர் சுமார் 30,000 பேரைக் கூடுதலாக அனுப்பினார். புதுத் தளபதி ஃபொரே 1863 மார்ச்சில் புவெப்லாவை வளைத்துக்கொண்டார். இரண்டு மாத முற்றுகை. வீதி வீதியாக, வீடு வீடாகச் சண்டை. ஊருக்குள் சாப்பாடு தீர்ந்தது, வெடிமருந்து தீர்ந்தது. மே 17-ஆம் தேதி நகரம் வீழ்ந்தது. அந்த முற்றுகைக்கு நடுவில்தான் ஏப்ரல் 30 வருகிறது. கமரோனில் அந்த 65 பேரும் எதற்காக நின்றார்கள்? வேராகுரூசு துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வண்டித்தொடருக்கு வழியைக் காக்க. அந்த வண்டிகளில் இருந்தவை: தங்க நாணயம், முற்றுகைத் தளவாடம், வெடிமருந்து. போக வேண்டிய இடம்: புவெப்லா.

நான் தப்பில்லாமல் எழுதிய திக்தேயில் 'வண்டித்தொடர்' என்ற சொல் இருந்தது. எங்கே போகிற வண்டி என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. வீரம் வீரம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; அந்த இடத்தில் மெக்சிகோ நாடே நினைவுச் சின்னத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த அம்மாளின் முன்னோர்கள் அந்த வண்டி வந்து சேரக் கூடாது என்று உள்ளே பட்டினி கிடந்தவர்கள். இன்னொன்றும் படித்தேன். காய்ச்சல் அதிகமான கடலோரத் தாழ்நிலத்தில் காவலுக்கு அந்நியப் படையைப் போட்டதே, சாவதானால் பிரெஞ்சுக்காரர்களைவிட வெளியார் சாகட்டும் என்றுதான். ஃபொரே அதை மறைக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்களுக்கு மரக்கை ஊர்வலம் கிடையாது.

மீதிக் கதை தெரிந்ததே. 1864-இல் ஆஸ்திரிய அரச குடும்பத்து மாக்சிமிலியனைக் கூட்டிவந்து மெக்சிகோப் பேரரசர் என்று உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து வாஷிங்டன் முறைத்ததும் பிரெஞ்சுப் படை ஊரைப் பார்த்துப் புறப்பட்டது. 1867 ஜூன் 19-ஆம் தேதி கேரேத்தரோவில் மாக்சிமிலியனைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி சார்லோத் உதவி கேட்டு ஐரோப்பா வந்த இடத்தில் மனம் கலங்கி, 1927 வரை அப்படியே வாழ்ந்தார். மனே என்ற ஓவியர் அந்தச் சுட்டுக்கொல்லும் காட்சியை வரைந்தபோது, சுடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு வீரர்களின் சீருடை போன்ற ஒன்றை மாட்டிவிட்டார். யார் கொன்றது என்று அவர் சொல்ல வந்தது பேரரசருக்குப் புரிந்திருக்கும். மனேயின் வாழ்நாளில் அந்தப் படம் பிரான்சில் காட்சிக்கு வரவே இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வரலாற்றிலேயே இருந்தால் டாக்கோ ஆறிவிடும்.

முதலில் வந்தது பன்றி இறைச்சி டாக்கோ. நிமிர்த்தி நட்ட கம்பியில் சுற்றிச் சுட்ட இறைச்சியைச் சீவி, மேலே அன்னாசித் துண்டு. லெபனானிலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுபோன முறையாம். அங்கே ஆடு, இங்கே பன்றி. பக்கத்தில் பச்சைத் துவையல் ஒரு கிண்ணம். எனக்குத் துவையல்தான் பிடித்தது. புளிப்பும் காரமுமாக இருந்தது. என்ன காய் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். காகிதம் போன்ற உறைக்குள் பச்சைக் காய். நம் சொடக்குத் தக்காளி! சின்ன வயதில் வேலியோரம் பறித்து நெற்றியில் அடித்து உடைப்போமே, அதே இனம், அளவுதான் பெரிது. அவர்கள் அதை 'தொமாத்தியோ' என்கிறார்கள். நாம் சாம்பாரில் போடும் சிவப்புத் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே; வந்த பிறகு நம் ஊர்க் காட்டுத் தக்காளியின் பெயரை அது பிடித்துக்கொண்டது, பெரியவர்கள் கொஞ்ச காலம் 'சீமைத் தக்காளி' என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தார்கள்.

மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போர்த்துகீசியர் கொண்டுவருமுன் நமக்குக் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்ததை மிளகு போன்ற காய் என்றே பெயரிட்டோம். ஆனால் சப்போட்டா? அது நம் ஊர்ப் பழம் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். பழமும் மெக்சிகோப் பக்கத்தது, பெயரும் அவர்களுடைய நவாத்தல் மொழிச் சொல். அந்த மரத்துப் பாலைத்தான் முதலில் 'சூயிங் கம்' என்று மென்றார்கள்.

பிறகு புவெப்லாவின் பெயர்பெற்ற 'மொலே' வந்தது. கோழிக் கறி, மேலே கறுத்த குழம்பு. பல வகை வற்றல் மிளகாய், எள், வேர்க்கடலை, பட்டை, கிராம்பு, அதோடு சாக்லேட். கறிக்குழம்பில் சாக்லேட் என்றதும் வயிற்றைக் கலக்கியது. வாயில் வைத்தால் இனிப்பே இல்லை. வறுத்து அரைத்த செட்டிநாட்டுக் குழம்புக்கும் நம் ஊர் வீடுகளில் கிறிஸ்துமசுக்கு வைக்கும் வாத்துக் கறிக்கும் நடுவில் ஏதோ ஒரு சுவை. மிளகாயை அம்மியில் அரைப்பீர்களா என்று கையால் காட்டிக் கேட்டேன். அவர்களுக்கும் அம்மி உண்டாம், 'மெத்தாத்தே' என்று பெயர், மூன்று கால் வைத்தது. "ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. இங்கே மிக்சி" என்றார்.

கடைசியில் வெனிலா போட்ட முட்டைப் பாயசம். வெனிலாவும் மெக்சிகோக் கொடி. வேறு நாட்டில் நட்டால் பூக்கும், காய்க்காது. 1841-இல் ரெயூனியோன் தீவில் எத்மோன் அல்பியுசு என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியால் பூவின் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். அதே தீவுக்குத்தான் பின்னால் நம் பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் கப்பலாக ஆள் போனது. மூன்றாம் நெப்போலியனின் கை அந்தப் பக்கமும் நீண்டிருந்தது. இதைப் பேரனிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அவன் பள்ளியில் புவெப்லாவும் இல்லை, கமரோனும் இல்லை, ரெயூனியோனுக்குப் போனவர்களும் இல்லையாம்.

பிறகு அந்த வெள்ளைக் கதவைத் திறந்தோம். உள்ளே இருட்டு, மெழுகுவர்த்தி, தாழ்வான கூரை, நிறைய இளைஞர்கள். எழுபது வயதுக்காரன் நான் ஒருவன்தான். உட்கார இடம் கொடுத்தார்கள். நம் ஊரில் சாராயக்கடையும் தெரியும், ஒயின் கடையும் தெரியும். மருந்துக்கடைக்காரர் போல அளந்து அளந்து ஊற்றிக் குலுக்கித் தருகிற இடம் இதுதான் முதல் தடவை. பேரன் எனக்கு 'மார்கரீத்தா' சொன்னான். 12 யூரோ. மகள் சொன்னதை மறந்து மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். விளிம்பில் உப்பு தடவிய கண்ணாடிக் கிண்ணம். உள்ளே தெக்கீலா, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மணக்கும் குவாந்த்ரோ. குவாந்த்ரோவை நம் ஊர் சொல்தா வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிரான்சில் ஆன்ழே நகரத்துச் சரக்கு. ஆக மெக்சிகோவும் பிரான்சும் சண்டையில்லாமல் ஒரே கிண்ணத்தில் இருந்தன. நன்றாகவே இருந்தது.

தெக்கீலா செய்வது கற்றாழை இனத்திலிருந்து. நாம் ரயில் பாதையோரம் பார்க்கிற ஆனைக் கற்றாழைக்குத் தாயாதி. நட்டு ஏழெட்டு வருடம் காத்திருந்து, மடல்களைச் செதுக்கிவிட்டு, அன்னாசிப் பழம் போல இருக்கும் அடித்தண்டை வேகவைத்து, நசுக்கி, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். அதற்கும் முந்தையது 'புல்கே'. பெரிய கற்றாழையின் நடுவைக் குடைந்து, ஊறும் சாற்றைக் காலை மாலை இறக்குவார்கள். புளிக்காதபோது அதற்கு 'தேன் தண்ணீர்' என்று பெயர். புளித்தால் வெள்ளையாக நுரைத்து வரும். ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. பார்க்காரப் பையன் இதை எனக்கு விளக்க ரொம்பப் பாடுபட்டான். நான் அவனை நிறுத்தி, பதநீருக்கும் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு விளக்கினேன். பனைமரத்தில் ஏறி என்றதும் அவன் நம்பவில்லை. செடி தரையில் இருக்கிறவர்களுக்கு அது புரியாது.

அங்கே ஒலித்த பாட்டைக் காட்டி, "மரியாச்சி, தாத்தா. பிரெஞ்சுக்காரங்க கல்யாணத்துல வாசிச்சதால 'மரியாழ்'ங்கிற சொல்லிலிருந்து வந்தது" என்றான் பேரன். அதையும் பின்னால் பார்த்தேன். பிரெஞ்சுப் படை கால் வைப்பதற்குப் பத்து வருடம் முன்பே, 1852-இல் ஒரு மெக்சிகோப் பாதிரியார் எழுதிய கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுபோனதாகச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் பேரன் கைப்பேசியில் எதையோ தேடிவிட்டுக் கூப்பிட்டான். மகள் வீடு 20-ஆம் வட்டாரத்தில், ருய் தே பிரெனே என்ற நீண்ட தெருவுக்கு அருகில். நான் தினமும் ரொட்டி வாங்க நடந்துபோகும் தெரு. அந்தத் தெருவின் பழைய பெயர் ருய் தெ புவெப்லா. 1863 வெற்றியைக் கொண்டாட வைத்த பெயர். பேரரசர் போன பிறகு பெயரை மாற்றிவிட்டார்கள். இரண்டு மாதமாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது 90 வயது, பாண்டிச்சேரியில்தான் இருந்தார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ஆரம்பித்தேன். கமரோனில் காத்த வண்டி எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைச் சொன்னேன். புவெப்லாக்கார அம்மாளைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "சித்தப்பா?" என்றேன்.

"கேக்குதுடா. வண்டியில என்ன இருந்துதுன்னு அந்த அறுபத்தஞ்சு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்னா நெனைக்கிற? இந்தோசீனாவுல நான் எத்தினி வண்டிக்குக் காவல் போயிருக்கேன். ஒரு தடவ நாலு பேரு செத்தானுங்க. ரெண்டு பேரு நம்ம காரைக்கால் பசங்க. வண்டியில என்னன்னு எங்களுக்கு யாரு சொன்னா? எந்த ஊருக்குப் போவுதுன்னுகூட ராத்திரிதான் சொல்லுவான்."

எழுபது ஆண்டில் அவர் என்னிடம் இந்தக் காரைக்கால் பையன்களைப் பற்றிச் சொன்னதே இல்லை. பேர் கேட்டேன். சொன்னார். ஒருவருடைய பேர் முழுசாக வந்தது, இன்னொருவருக்கு வீட்டுப் பேர் மட்டும்தான் நினைவிருந்தது. இரண்டையும் ரொட்டிக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அது இன்னும் என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது. சித்தப்பா 2020-இல் போய்விட்டார்.

போனை வைக்கப் போகும்போது, "ஆமா, அந்தப் பொம்பள கடையில என்னடா சாப்பிட்ட?" என்றார். கோழிக் குழம்பில் சாக்லேட் போடுகிறார்கள் என்றேன்.

"அடப்பாவி. காரமாவது இருந்துதா?"

நம் ஊர் அளவுக்கு இல்லை என்றேன்.